கிறிஸ்துமஸ் படத்தில் என் நாத்தனார் மகன்

என் வீட்டுக்காரருக்கு வேலையிடத்தில் வைத்த பெயர் கத்திரி. டிவி நிலையத்தில் படம் வெட்டுகிற வேலை. சினிமாவை ஒளிபரப்புக்கு முன்னால் எடுத்து, விளம்பரங்களுக்கு இடம் விட்டு, சொன்ன நேரத்துக்குள் அடக்கிக் கொடுக்க வேண்டும். வீட்டில் ஒரு வெங்காயம் நறுக்கித் தந்தது கிடையாது, அது வேறு விஷயம். வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாத மனிதர். மேலாளர் என்ன சொன்னாலும் தலையை ஆட்டிவிட்டு வருவார். அங்கே போட வேண்டிய சண்டையையும் சேர்த்து வீட்டில் நான் போட்டுக்கொண்டிருந்தேன். அப்படித்தான் எங்கள் குடும்பம் ஓடியது.

டிவிக்கு வருவதற்கு முன்பு சினிமா எடிட்டர் ஒருவரிடம் உதவியாளராக இருந்தார். அப்போது எடுத்ததுதான் அந்தக் கிறிஸ்துமஸ் படம். கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் பனிமூட்டத்தில் படகு நின்றுபோகிறது. படகுத்துறைக் கூடத்தில் கொஞ்சம் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். அதில் ஒரு கைதி, அவனைச் சிறைக்குக் கூட்டிப் போகிற போலீஸ்காரர், விடுதிப் பிள்ளைகள் சிலர். விடிவதற்குள் போலீஸ்காரர் விலங்கைக் கழற்றி, கைதியைப் பிள்ளைகளோடு சாப்பிட உட்கார வைத்துவிடுகிறார். அவ்வளவுதான். தியேட்டரில் வந்தபோது ஈ ஓட்டினார்கள். டிவியில் போட ஆரம்பித்த பிறகு என்ன மாயமோ, ஊருக்கே பிடித்துப்போயிற்று. கிறிஸ்துமஸ் அன்று சாயங்காலம் அதைப் போடாவிட்டால் நிலையத்துக்குப் போன் போட்டுத் திட்டுகிற அளவுக்கு ஆகிவிட்டது.

அந்த விடுதிப் பிள்ளைகளில் ஒருவன் என் நாத்தனார் மகன். சின்னப் பையன்கள் வேண்டும் என்று படக் கம்பெனியில் கேட்டபோது, இவர்தான் அக்கா மகனைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போனார். கைதியின் பக்கத்தில் போய், "மாமா, உங்க கைய ஏன் கட்டியிருக்காங்க?" என்று கேட்க வேண்டும். கேட்டான். கேட்டுவிட்டு, அத்தனை பேர் படித்துப் படித்துச் சொல்லியும், திரும்பி நேராகக் கேமராவைப் பார்த்தான். பனிமூட்டத்துக்காக அந்தக் கூடத்தில் நாள் முழுக்கத் தண்ணீரைச் சாரலாக அடித்துக்கொண்டே இருந்தார்கள். பையனுக்கு ஏற்கெனவே நெஞ்சில் சளி. ஈரத் துணியோடு வீட்டுக்கு வந்தவன் காய்ச்சலில் படுத்தான். பிறகு எழுந்திருக்கவில்லை.

படத்தை வெட்டும்போது, பையன் கேமராவைப் பார்க்கிறான் என்று சொல்லி அந்தத் துண்டைத் தூக்கி எறியப் போனாராம் எடிட்டர். இவர் அழுதுவிட்டார். எடிட்டரும் மனிதர்தானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார். என் வீட்டுக்காரர் தன் வாழ்நாளில் பிறரிடம் தனக்கென்று கேட்டு வாங்கியது அது ஒன்றுதான்.

நாத்தனாரை நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். அண்ணியிடம் மகனின் புகைப்படங்கள் இருந்தன. குரல் அந்தப் படத்தில் மட்டும்தான் இருந்தது. தன் வீட்டில் டிவி இருந்தும், கிறிஸ்துமஸ் அன்று தம்பியோடு சேர்ந்து பார்க்க எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். மற்ற நாட்களில் எனக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். வந்ததும் அலமாரியில் விரலால் தடவித் தூசி பார்க்கிற ஆள். அன்றைக்கு மட்டும் நான் வாயைத் திறக்க மாட்டேன், அவரும் அலமாரிப் பக்கம் போக மாட்டார். பையன் வருவான், கேட்பான், திரும்பிப் பார்ப்பான். என்னையே பார்க்கிறான் பார் என்று ஒவ்வொரு வருஷமும் அண்ணி சொல்வார், முதல் தடவை பார்ப்பது போல. இவருக்குச் சரியாக அந்த இடம் வரும்போது அடுப்படியில் ஏதாவது வேலை வந்துவிடும். காபி போடத் தெரியாத மனிதருக்கு அடுப்படியில் என்ன வேலை என்று எனக்குத் தெரியும். நான் கேட்டதில்லை.

நிலையத்தில் என்ன வழக்கம் என்றால், படத்துக்கு மவுசு கூடக் கூட விளம்பரமும் கூடும். வருஷா வருஷம் மேலாளர் இன்னும் கொஞ்சம் குறை என்பார். இவர் போன வருஷ டேப்பை ஓடவிட்டு, வேண்டாத துண்டுகளை விட்டுவிட்டு, மீதியைப் புது டேப்பில் ஏற்றுவார். பழைய டேப்பை அழித்து வேறு நிகழ்ச்சிக்கு எடுத்துக்கொள்வார்கள். ஆக, ஒரு தடவை விட்டுப்போனது விட்டுப்போனதுதான். கம்பெனியில் இருந்த படச்சுருள்கள் எப்போதோ கிடங்கில் தண்ணீர் புகுந்து கூழாகிவிட்டன. வீட்டுக்கு ஒரு பிரதி எடுத்து வைத்திருக்கலாமே என்று நானும் சொல்லியிருக்கிறேன். அதுதான் வருஷம் தவறாமல் வருகிறதே என்பார்.

வருஷத்துக்கு வருஷம் படம் இளைத்துக்கொண்டே வந்தது. படகுக்காரன் பாட்டு போயிற்று, விடுதித் தலைவியின் கதை போயிற்று. அக்கா மகன் இருக்கும் இடத்தில் மட்டும் இவர் கை வைத்ததில்லை. எப்படிக் காப்பாற்றினார் என்பதை எனக்குப் பிறகுதான் சொன்னார். டேப் ஓடும் மெஷினில் எண் ஓடிக்கொண்டிருக்கும். இந்த எண்ணிலிருந்து அந்த எண் வரை தொடக்கூடாது என்று, வெட்டியதைக் கழித்து, வருஷா வருஷம் மனப்பாடமாக வைத்திருந்தார். அந்த இடம் நெருங்கும்போது சத்தத்தை முழுதாகக் குறைத்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு, எண்ணை மட்டும் பார்ப்பாராம். அது கடந்த பிறகுதான் நிமிர்வார்.

ஒரு வருஷம் வெட்டுவதற்குப் படத்தில் வேறு சதையே இல்லை. பையன் கேட்டு முடித்ததும் போலீஸ்காரர் தீப்பெட்டி தேடுகிற துண்டு ஒன்று உண்டு. அதை எடுத்துவிடலாம் என்று எண்களைக் கணக்குப் போட்டார். வழக்கம்போல சத்தத்தைக் குறைத்தார், தலையைக் குனிந்தார், எண் வந்ததும் நிறுத்தி, அடுத்த எண்ணிலிருந்து சேர்த்தார். ஆனால் போன வருஷம் ஒளிபரப்புக்கு முன்னால் நிலைய முதலாளி டேப்பின் தொடக்கத்தில் தன் கிறிஸ்துமஸ் வாழ்த்தைச் சேர்க்கச் சொல்லியிருந்தார். அதனால் எண்களெல்லாம் தள்ளிப்போயிருந்தன. வாழ்த்தைச் சேர்த்தவரும் இவர்தான், கணக்கில் அதை மறந்துவிட்டார். முடித்தபின் ஒரு தடவை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது விதி. ஓட்டிப் பார்த்தார், அந்த இடத்தில் மறுபடியும் குனிந்துகொண்டார்.

கிறிஸ்துமஸ் அன்று அண்ணி வந்தார். கேக் வெட்டினோம், முதலாளியின் வாழ்த்துக்கு நான் ஒரு நக்கல் விட்டேன், அண்ணிகூடச் சிரித்தார். படம் ஓடியது. படகுத்துறைக் கூடம் வந்ததும் இவர் எழுந்து அடுப்படிக்குப் போனார். கைதி பெஞ்சில் உட்கார்ந்தான். போலீஸ்காரர் தீப்பெட்டி தேடினார், பற்றவைத்தார். அடுத்து எல்லாரும் சாப்பிட உட்கார்ந்துவிட்டார்கள். அண்ணி என்னைத் திரும்பிப் பார்த்து, தூங்கிவிட்டேனா என்று மெதுவாகக் கேட்டார். இல்லை அண்ணி என்றேன். அவர் அடுப்படிப் பக்கம் குரல் கொடுத்தார்.

"தம்பி, புள்ள வரலையே."

இவர் கையில் காலி டம்ளரோடு அடுப்படி வாசலில் வந்து நின்றார். செருப்பைக்கூட மாட்டாமல் நிலையத்துக்கு ஓடினார். படம் முடிந்தது, விளம்பரங்கள் முடிந்தன, செய்தியும் முடிந்தது. அண்ணி உட்கார்ந்த இடத்தை விட்டு நகரவில்லை. நான் கேக் தட்டை எடுத்து உள்ளே வைத்தேன், மறுபடி கொண்டுவந்து வைத்தேன்.

திரும்பி வந்தவர் நாற்காலியில் உட்காராமல் அக்கா எதிரில் தரையில் உட்கார்ந்தார். போன வருஷ டேப்பில் இப்போது யாரோ தையல் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்றார். எண் தள்ளிப்போனதை, தலையைக் குனிந்துகொண்டதை, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னார். தெரிந்தவர்களில் யாராவது வீட்டில் பதிவு செய்து வைத்திருப்பார்கள், எப்படியாவது தேடிவிடுகிறேன் என்றார். பிறகு மாதக்கணக்கில் தேடவும் செய்தார். யாரிடமும் இல்லை. வருஷம் தவறாமல் வருகிற படத்தை எவன் பதிவு செய்து வைப்பான்?

அண்ணி டேப்பைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"இத்தனை வருஷத்துல நீ அவனப் பார்த்ததே இல்லையா?"

"முடியலக்கா. நான்தானே கூட்டிட்டுப் போனேன்."

அண்ணி திட்டுவார், அடிப்பார் என்றுகூட நினைத்தேன். அடித்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

"எனக்கு மட்டும் முடிஞ்சுதுன்னா நினைச்ச?" என்றார். "பெத்தவ நான் பார்த்தேன்டா. உனக்குத் தலையத் தூக்க முடியலையா?"

பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வாசல் வரை போன என்னை, உள்ளே போம்மா, அவனைப் பார்த்துக்கொள் என்று அனுப்பினார். அண்ணி என்னிடம் அவ்வளவு தன்மையாகப் பேசியது அன்றைக்குத்தான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அந்தப் படம் இப்போதும் வருஷா வருஷம் வருகிறது. திரும்பத் திரும்பப் பார்க்கலாம் என்று ஊரெல்லாம் சொல்கிறது. அண்ணி வருவதில்லை. இவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். கிறிஸ்துமஸ் சாயங்காலம் டிவிக்கு நேர் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, சத்தத்தைக் கூட்டி வைத்து, கூப்பிட்டால்கூடத் திரும்பாமல் பார்க்கிறார். கைதி பெஞ்சில் உட்காருவான். போலீஸ்காரர் தீப்பெட்டி தேடுவார். நடுவில் ஒரு பிள்ளை நின்றான் என்று யார் சொன்னாலும் நம்ப முடியாது.