இந்தப் பூ முடியட்டும்

பழைய ஆங்கிலப் பேப்பரில் கழுத்துவரை சுற்றி, வாளித் தண்ணீரில் நிறுத்தி வைத்த துலிப் பூக்கள். அக்காவை நினைத்தால் முதலில் கண்ணில் வருவது அதுதான். நுவரெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், பெரிய துரையின் பங்களாவில் நாங்கள் இருவரும் வேலை செய்தோம். நான் குழந்தையைப் பார்க்கும் ஆயா. அக்காவுக்கு வீடு துடைப்பதும் சாடிகளில் பூ வைப்பதும் வேலை. துரைசாணி துலிப் கிழங்குகளைச் சீமையிலிருந்து கப்பலில் வரவழைத்து, மண்ணெண்ணெயில் ஓடும் குளிர்ப்பெட்டியில் வாரக்கணக்கில் வைத்திருந்து, பிறகுதான் தொட்டியில் நடுவார். எங்கள் மலைக்குளிர் அதற்குப் போதாதாம்! பனியில் விறைத்துக்கொண்டு கொழுந்து பறிக்கிற எங்கள் அம்மா இதைக் கேட்டு வயிறு வலிக்கச் சிரித்தாள்.

துலிப் பொல்லாத பூ. காலையில் நிமிர்ந்து நிற்கும். மத்தியானம் கழுத்தைத் தொங்கப்போட்டுவிடும். அக்கா செய்து செய்து பார்த்து அதன் குணத்தைப் பிடித்துவிட்டாள். மொட்டு வாய் திறக்குமுன், வெயில் ஏறுமுன் வெட்டுவாள். தண்டின் அடியைச் சரிவாக நறுக்கி, பேப்பரில் நேராகச் சுற்றி, குளிர்ந்த தண்ணீரில் கொஞ்ச நேரம் விடுவாள். வெட்டிய பிறகும் அந்தப் பூ சாடிக்குள் வளரும், ஜன்னல் பக்கமே சாயும். அதனால் தினமும் அடியை நறுக்கி, சாடியைத் திருப்பி வைப்பாள். நார்சிசஸ் பூவோடு மட்டும் சேர்க்கவே மாட்டாள். அதன் தண்டில் வடியும் கொழகொழப்பு பட்டால் துலிப் சீக்கிரம் வாடிவிடும். விருந்துக்கு வரும் மற்றத் துரைசாணிகள் அக்கா வைத்த பூவைப் பார்த்து வாயைப் பிளப்பார்கள். எங்கள் துரைசாணிக்குப் பெருமை தாங்காது.

அந்தப் பெருமைதான் அக்காவுக்கு வினையாக வந்தது. நோட்டன் பிரிட்ஜ் என்ற ஊரில் மின்சார வேலைத்தளத்தில் இருந்த மாமா மகனுக்கு அவளைப் பேசி முடித்திருந்தோம். ஆனால் துரைசாணி விடாமல் போக முடியுமா? அப்பாவின் வேலையும், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் நாங்கள் இருந்த ஒற்றை அறைக் காம்பராவும் துரையின் கையில். அக்கா கேட்கும்போதெல்லாம் துரைசாணி சிரித்துக்கொண்டே, "போகலாம், போகலாம். இந்தப் பூ முடியட்டும்" என்பார். அது முடிந்தால் கிளேடியோலஸ், பிறகு டேலியா, அதற்குள் அடுத்த கப்பலில் கிழங்கு வந்துவிடும். மாட்டேன் என்று சொல்லியிருந்தால் அழுதாவது தீர்த்திருக்கலாம். சிரிக்கிறவரிடம் என்னத்தைச் சண்டை போடுவது? கடைசியில் மாமாவே நேரில் வந்து, "இந்தத் தையோட சரி. அதுக்கு மேல பொறுக்க முடியாது மச்சான்" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

தை பிறந்த கையோடு பங்களாவில் ஒரு பெரிய விருந்து. முதல் நாள் அக்கா துலிப்பையும் நார்சிசஸையும் ஒரே சாடியில் வைத்து, கணப்புக்குப் பக்கத்தில் நகர்த்தினாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"நானாப் போனாத்தான் அப்பாவுக்குக் கஷ்டம். அவங்களே ஏசி வெரட்டிட்டா?" என்றாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

நினைத்தபடியே நடந்தது. விருந்தாளிகள் முன்னால் அத்தனை பூவும் மேசைவிரிப்பில் தலையைப் போட்டுக் கிடந்தன. துரைசாணி ஏசவில்லை. அக்காவின் நெற்றியில் கைவைத்துப் பார்த்தார். "பாவம், லயத்துலருந்து நடந்து வந்து களைச்சுப் போற. இனிமே இங்கயே தங்கு" என்று, சமையலறைக்குப் பின்னால் இருந்த அறையை அன்றைக்கே ஒழித்துக் கொடுத்தார். அப்பாவுக்கு வாயெல்லாம் பல். "நம்ம புள்ளைய சொந்தப் புள்ளையாட்டம் வச்சிருக்காங்க" என்று லயம் முழுக்கச் சொல்லித் திரிந்தார். ஒரு தடவை ஏசியிருக்கக் கூடாதா அந்த மனுஷி! இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

தை போனது. மாமா மகன் வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டார். குழந்தை வளர்ந்து ஆயா தேவைப்படாமல் போனதால் நான் தப்பித்தேன். கல்யாணமாகி ஹட்டனுக்கு வந்துவிட்டேன். துரைசாணி சீமைக்குத் திரும்பியபோது மேசை நாற்காலிகளோடு அக்காவையும் அடுத்த துரையிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். அவருக்குப் பிறகு இன்னொருவர்.

இப்போது அக்கா என்னோடுதான் இருக்கிறாள். துரையும் இல்லை, துரைசாணியும் இல்லை. இன்று காலை, "வா, கடைத்தெரு வரைக்கும் போயிட்டு வருவோம்" என்றேன். ஆசையாகச் சேலை மாற்றிக்கொண்டு வாசல்வரை வந்தவள், செருப்பில் காலை நுழைக்காமல் நின்றாள்.

"யாருகிட்டடி கேட்டுட்டுப் போறது?"