பக்கத்துக் கட்டில்காரரின் முழங்கால்

தோள் வலிக்காகத் தில்லையடியில் ஒரு அக்குபங்சர் வைத்தியரிடம் போனேன். நாடி பார்த்துவிட்டு என் காலில் ஊசிகளைக் குத்தினார். பக்கத்துக் கட்டிலில், சண்டைக் காலத்தில் மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்து, அது முடிந்த பிறகும் திரும்பிப் போகாத ஒருவர், மருதோன்றி பூசிய தாடியோடு படுத்திருந்தார். வலி அவருக்கு முழங்காலில். ஊசி ஏறியதோ முழங்கையில். ஒவ்வொரு ஊசிக்கும் "பிஸ்மில்லாஹ்" சொன்னார்.

வைத்தியர் வெளியே போனதும் பக்கத்துக் கட்டில்காரர் என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, ஆள் மாறிக் குத்திப்போட்டார். என்ட ஊசி உங்கட கால்ல நிக்குது."

"சொல்லுவமா நானா?" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டேன்.

"வேணாம். புடுங்கிட்டுத் திரும்பக் குத்துவார்."

இருவரும் அசையாமல் கிடந்தோம். முழங்கால் மடங்காததால் அவர் கதிரையில் உட்கார்ந்துதான் தொழுகிறாராம். ஒருதரமாவது நெற்றி தரையில் படவேண்டும் என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகையில் அவரைப் பள்ளிவாசலில் கண்டேன். கதிரை இல்லை. எல்லோரோடும் வரிசையில் நின்று, நெற்றி தரையில் பட சுஜூது செய்தார். தொழுகை முடிந்ததும் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்ட ஊசியை நீங்க வாங்கினீங்க தம்பி, அல்லாஹ் உங்களுக்கு நல்லது செய்வான். எனக்குக் குத்தினதில உங்கட தோள் சுகமாயிட்டா?"

தோள் அப்படியேதான் வலித்தது.

"ஓம் நானா, நல்ல சுகம்," என்றேன்.

அடுத்த முறை என் ஊசியை வாங்கிக்கொள்ள யாரைக் கூட்டிப் போவது என்று யோசித்தபடியே வீட்டுக்கு நடந்தேன்.