அழுத்திப் பிடித்தால் நிற்கும் கை

ஹெல்கார்டு மெல்ட்சரின் கைகளைப் பற்றிக் கடிகாரத் தொழிற்சாலையில் யாருக்கும் குறை இருந்ததில்லை. மூச்சு விட்டால் பறந்துபோகிற திருகுகளை இடுக்கியால் எடுத்து, முடிபோல மெலிந்த சுருள்வில்லுக்குப் பக்கத்தில் வைத்து முடுக்குவது அவள் வேலை. வேறு மேஜையில் யாராவது பொருத்த முடியாமல் திணறினால், "மெல்ட்சர் அம்மாகிட்ட குடு" என்றுதான் மேற்பார்வையாளர் சொல்வார்.

நாற்பது வயதை ஒட்டி இடுக்கியின் முனை துடிக்கத் தொடங்கியது. முதலில் காப்பியைக் குறை சொன்னாள், பிறகு தூக்கமின்மையை. கை மடியில் கிடக்கும்போது ஒன்றும் இல்லை. எதையாவது எடுக்க நீட்டினால்தான் ஆடும். ஒரு வருஷம் மறைத்தாள். அதற்கப்புறம் கடிகாரங்களைப் பெட்டியில் அடைக்கும் பிரிவுக்கு அவளை மாற்றினார்கள். இரண்டு ஜெர்மனியும் ஒன்றானதும் தொழிற்சாலையே ஆட்களைக் குறைத்தது. முதல் பட்டியலிலேயே அவள் பெயர் இருந்தது.

அந்த மலையூரில் வேலை போனவர்கள் பலர். அது பெரிய வெட்கம் இல்லை. வெட்கம் ரொட்டிக் கடையில் காத்திருந்தது. ஒரு காலை அவள் நீட்டிய சில்லறை விரல்களிலிருந்து நழுவித் தரையெல்லாம் உருண்டது. குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தவளின் முதுகுக்குப் பின்னால் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

"காலங்காத்தாலயே ஊத்திக்கிட்டு வந்துட்டா போலிருக்கு."

"எர்வின் மகதானே? வேற எப்படி இருப்பா?"

எர்வின் அவளுடைய அப்பா. ரயில் நிலையத்தில் கைகாட்டி இழுத்தவர். அவர் கையும் ஆடும். சம்பள நாளன்று கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அலமாரிக்குப் பின்னால் போய் ஒரு சின்னக் கிளாஸ் தானியச் சாராயம் குடித்துவிட்டு வருவார். ஊரே அவரைக் குடிகாரன் என்றது. பள்ளிப் பிள்ளைகள் அவருக்குப் பின்னால் கைகளை உதறிக்கொண்டு நடந்தார்கள். தம்பி லோதர் பதினாலு வயதில் அவர் பாட்டிலை எடுத்துப் படிக்கட்டில் அடித்து உடைத்தான். ஹெல்கார்டு அப்படியெல்லாம் செய்யவில்லை. அப்பா எதிரே வந்தால் தெருவின் மறுபக்கம் போய்விடுவாள், அவ்வளவுதான்.

ரொட்டிக் கடைக்குப் பிறகு அவள் கணவன் எக்கார்டு விடவில்லை. பஸ் ஓட்டுகிறவன், நல்ல பருமன், குரலும் அப்படியே. "நீ டாக்டரப் பாக்கலைன்னா நான் கடைக்குப் போய் அந்த ரெண்டு பேரையும் பாத்துக்கறேன். எது வேணும், சொல்லு" என்றான்.

கெம்னிட்ஸில் இருந்த நரம்பு டாக்டர் இளம் பெண். ஒரு தாளில் சுருள் வட்டம் வரையச் சொன்னாள். ஹெல்கார்டு வரைந்தது முள்கம்பி மாதிரி இருந்தது.

"வீட்டுல வேற யாருக்காவது உண்டா?"

"அப்பாவுக்குக் கை ஆடும். ஆனா அவர் குடிப்பார், டாக்டர். அதனால வந்தது."

"நிறையக் குடிப்பாரா?"

ஹெல்கார்டு யோசித்தாள். அப்பா தள்ளாடி அவள் பார்த்ததில்லை. உளறிக் கேட்டதில்லை. "ஒரு கிளாஸ். கையெழுத்துப் போடணும்னா, யார் வீட்டுலயாவது சூப் சாப்பிடணும்னா."

"இந்த நடுக்கம் பரம்பரையா வர்றது. கொஞ்சம் சாராயம் குடிச்சா இது கொஞ்ச நேரம் அடங்கும். நிறையப் பேர் அவங்களாவே கண்டுபிடிச்சுடறாங்க." டாக்டர் எழுதிக்கொண்டே சொன்னாள். "குடிச்சதால ஆடலைம்மா. ஆடினதால குடிச்சிருக்கார்."

கூட வந்திருந்த எக்கார்டோடு பஸ்ஸில் திரும்பினாள். ஊர் வளைவில் பழைய கைகாட்டி மரம் தெரிந்தபோது எக்கார்டின் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"லோதருக்குச் சொல்லணும்ல?" என்றான் எக்கார்டு.

"அவன் அப்பா பேச்சை எடுத்தாலே எழுந்து போயிடுவான்."

மாத்திரை பாதிதான் கேட்டது. அந்தக் குளிர்காலத்தில் ஊறுகாய் ஜாடி எடுக்க நிலவறைக்குப் போனவள், எக்கார்டின் மின் ரம்பத்துக்கு முன்னால் நின்றாள். கிறிஸ்துமஸுக்கு ஜன்னலில் வைக்கும், மேலே மெழுகுவத்திகள் நிற்கும் அரைவட்ட மரப்பலகை வளைவைத் தானே செய்யப்போவதாகச் சொல்லி அவன் பழசாக வாங்கிப் போட்டது. மேஜைத் தட்டுக்கு மேலே நீண்ட இரும்புக் கை. அதன் நுனிக்கும் தட்டின் அடிக்கும் நடுவில் வைக்கோல் அளவுகூட இல்லாத பிளேடு. பிளேடு மேலும் கீழும் குதிக்கும். மரத்தை நாம்தான் திருப்பித் திருப்பிக் கொடுக்க வேண்டும். எக்கார்டு அவசரக்காரன். தள்ளித் தள்ளியே ஒரு கட்டு பிளேடுகளை உடைத்துவிட்டுத் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தான்.

அவள் சும்மாதான் தார்ப்பாயை விலக்கினாள். சும்மாதான் ஒரு பிளைவுட் துண்டை வைத்துப் பொத்தானைத் தட்டினாள். மரம் எம்பாமல் இருக்க இரண்டு உள்ளங்கைகளையும் அதன்மேல் அழுத்த வேண்டியிருந்தது. அழுத்தினாள். பிளேடு பென்சில் கோட்டைப் பிடித்துக்கொண்டு போனது. கோட்டின் வளைவு முடிந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. கை ஆடவில்லை. எடுத்துப் பார்த்தாள், ஆடியது. மறுபடி மரத்தில் அழுத்தினாள், நின்றது.

மேலே போய் எக்கார்டை இழுத்து வந்து காட்டினாள். அவன் நெடுநேரம் பார்த்துவிட்டு, "என் ரம்பம் போச்சு" என்றான்.

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. வளைவுப் பலகையில் வெளி ஓரம் வெட்டுவது சுலபம். உள்ளே இருக்கிற ஜன்னல்கள், கிளைகள், மனித உருவங்கள் எல்லாவற்றுக்கும் முதலில் துளை போட்டு, பிளேடைக் கழற்றி, துளைக்குள் கோத்து, மறுபடி முடுக்க வேண்டும். அந்தரத்தில் கையை வைத்து ஊசித் துளையில் பிளேடை விடுவது அவளால் முடியாது. எக்கார்டு கோத்துக் கொடுத்தான்.

"நான் பஸ் ஓட்டறவன். என்னைத் தையக்காரனாக்கிட்டே."

"பேசாம கோத்துக் குடு. முனை வளையுது பார்."

"வளையட்டும். நானே வளைஞ்சுதான் நிக்கறேன்."

அவன் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றப் போய்விட்டால் அவள் அடுத்த துளையோடு உட்கார்ந்திருப்பாள். அந்தக் காத்திருப்பு அவளைத் தின்றது. தொழிற்சாலையில் கற்ற ஒன்று அப்போதுதான் நினைவுக்கு வந்தது: சின்னப் பொருளைப் பெரிய பொருளிடம் கொண்டுபோகாதே, அசையாததை வைத்துக்கொண்டு மற்றதை அதனிடம் கொண்டுவா. பிளேடைக் கீழ்ப்பக்கம் மட்டும் முடுக்கி, புல் மாதிரி நிற்கவிட்டாள். இரும்புக் கை இறங்காதபடி கூரையிலிருந்து ஒரு கொக்கி தொங்கவிட்டு அதில் தூக்கி மாட்டினாள். பலகையின் அடிப்பக்கம் ஒவ்வொரு துளையையும் புனல்போல அகலமாக்கினாள். மணல் அடைத்த இரண்டு துணிப்பைகளைத் தட்டின் இருபுறமும் வைத்து முழங்கைகளை அவற்றில் புதைத்துக்கொண்டு, பலகையை மேலேயிருந்து இறக்கினாள். பிளேடின் முனை புனலுக்குள் தட்டித் தடவி, தானாக மேலே வந்து எட்டிப் பார்த்தது. மேல் திருகு குட்டியாக இருந்ததால் அதற்கு ஆப்பிள் அளவில் ஒரு மரக் குமிழ் செய்து மாட்டினாள். தையல் மிஷினின் கால் மிதியை எக்கார்டு ரம்பத்தோடு இணைத்தான். இனிப் பொத்தானைத் தேடிக் கை நீட்ட வேண்டாம்.

அடுத்த கிறிஸ்துமஸ் மாதத்துக்குள் வளைவு தயாரானது. அந்தப் பக்கத்து வளைவுகளில் சுரங்கத் தொழிலாளியும் தேவதையும் நிற்பார்கள். அவள் வளைவின் நடுவில் ரயில்காரர் ஒருவர் நின்றார், கைகாட்டி நெம்புகோலை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு. தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். வயதானவர்களுக்கு யாரென்று தெரிந்தது. ரொட்டிக் கடைப் பெண்களில் ஒருத்தி ஜன்னலருகே நெடுநேரம் நின்றுவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு போனாள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் கால ஞாயிறு ஒன்றில் லோதர் சுவிக்காவிலிருந்து காப்பிக்கு வந்தான். மேலங்கியைக் கழற்றாமலே ஜன்னலிடம் போனான்.

"இதை எதுக்குக்கா இங்க வச்சிருக்கே?"

"நம்ம அப்பா. என் ஜன்னல்."

"ஊரே மறந்து தொலைச்சிருக்கும். நீ விளக்குப் போட்டுக் காட்டறியா? அந்தக் குடிகாரனையா?"

"லோதர், உக்காரு."

"நான் உக்கார வரல."

"கையை வெளிய எடு."

அவன் வலது கை மேலங்கிப் பைக்குள் இருந்தது. வந்ததிலிருந்து அங்கேயே இருந்தது. வாசலில் கை குலுக்கும்போதும் இடது கையைத்தான் கொடுத்திருந்தான். அவன் முகம் சிவந்தது.

"எப்பலேர்ந்துடா?"

எக்கார்டு காப்பிக் கெட்டிலை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

"நான் தொடக்கூட மாட்டேன்க்கா," என்றான் லோதர் கடைசியில். "ஒரு சொட்டுகூட. கல்யாணத்துல ஷாம்பெயின்கூடத் தொடல. அப்புறம் எனக்கு எப்படி?"

அவள் டாக்டர் சொன்னதைச் சொன்னாள். வார்த்தைக்கு வார்த்தை சொன்னாள், கையெழுத்துக்கு முன்னால் ஒரு கிளாஸ் என்று தான் சொன்னது உட்பட. லோதர் நாற்காலியில் அமர்ந்தான். மேஜைமேல் வைத்த கை கசகசா கேக் தட்டைத் தட்டிக் கலகலக்க வைத்தது. அவன் அதை நிறுத்த முயலவில்லை.

"நான் பாட்டிலை உடைச்சப்ப அவர் ஒண்ணும் சொல்லல" என்றான். "கண்ணாடிய அவரே பொறுக்கினார். கை வெட்டிக்கிச்சு. நான் பாத்துக்கிட்டே நின்னேன்."

"நானும் என்ன செஞ்சேன்? தெருவுக்கு அந்தப் பக்கம் போனேன்."

"அவருக்குத் தெரியுமா, இது வியாதின்னு?"

"தெரிஞ்சிருக்காது. அவரும் நம்ம மாதிரியேதான் நினைச்சிருப்பார், தன்னைப் பத்தி."

இதுதான் இருவருக்கும் தாங்க முடியாததாக இருந்தது. வெளியே பனி விழ ஆரம்பித்திருந்தது. அவள் அவனைக் கீழே நிலவறைக்குக் கூட்டிப் போனாள். மணல் பைகளில் அவன் முழங்கைகளை வைத்து, பலகையைக் கொடுத்து, "அழுத்து" என்றாள். அழுத்தினான். கை நின்றதைப் பார்த்தபோது அவன் வாய் லேசாகத் திறந்துகொண்டது. ஆனால் லோதர் எக்கார்டைவிட அவசரக்காரன். வளைவு திரும்புவதற்குள் பிளேடு டக்கென்று முறிந்தது, அடுத்ததும் முறிந்தது.

"இந்தச் சனியன் எனக்கு ஒத்து வராது."

மேலேயிருந்து எக்கார்டின் சிரிப்பு கேட்டது. "வாடா மச்சான், பிளேடு உடைக்கற கட்சிக்கு இன்னொரு ஆள் கிடைச்சான்!"

அதற்கப்புறம் லோதர் அடிக்கடி வந்தான். ரம்பத்தைத் தொடமாட்டான். அவள் வெட்டி முடித்த துண்டுகளுக்கு உப்புத்தாள் தேய்ப்பான். "இதுக்குக் கை ஆடினாதான் நல்லது. சும்மா வச்சாலே தேயுது" என்று அவனே சொல்லிச் சிரிக்கும் அளவுக்கு வந்தான். ஹெல்கார்டின் நடுக்கம் குறையவில்லை, வருஷத்துக்கு வருஷம் கொஞ்சம் கூடியது. மணல் பைகளைக் கனமாக்கினாள், புனல்களை அகலமாக்கினாள். மிக நுணுக்கமான வடிவங்களை விட்டுவிட்டாள். விட்டதற்காக வருத்தப்படவில்லை என்று சொல்ல முடியாது.

வசந்தத்தில் ஒரு சனிக்கிழமை, தேய்த்துக்கொண்டிருந்த லோதர் நிறுத்திவிட்டுத் தொலைபேசியைக் கீழே கொண்டுவரச் சொன்னான். டிரெஸ்டனில் படிக்கும் தன் மகளைக் கூப்பிட்டான்.

"அன்ட்யே, நல்லா இருக்கியா? ஒண்ணும் ஆகல, பயப்படாதே. உன் அத்தை வீட்டுலதான் இருக்கேன். உனக்கு உன் தாத்தாவைப் பத்தி நான் ஒண்ணு சொல்லியிருக்கேன்ல... அது தப்பும்மா. கொஞ்சம் உக்காந்து கேளு."

ஹெல்கார்டு மிதியிலிருந்து காலை எடுத்தாள். ரம்பம் ஓய்ந்தது. அவன் பேசி முடிக்கும்வரை அவள் அடுத்த துளைக்குப் போகவில்லை.