நீலப் பென்சில் அடித்த வரிகள்

என் கணவர் போருக்குப் போகவில்லை, போரைப் பார்த்து எழுதப் போனார். திருச்சியில் ஒரு பத்திரிகையில் நிருபர் வேலை. ஐம்பதுகளின் நடுவில், பர்மா மலைகளில் அரசாங்கத்தை எதிர்த்துச் சண்டை போடும் கிளர்ச்சிக்காரர்களோடு நடந்து, பார்த்ததை எழுதி அனுப்புகிறேன் என்று அவராகவே ஆசிரியர் முன்னால் போய் நின்றார். பர்மாவிலிருந்து நடந்தே திரும்பிய குடும்பங்கள் எங்கள் பக்கம் நிறைய. அவர்கள் விரும்பிப் படிப்பார்கள் என்று ஆசிரியரும் தலையாட்டிவிட்டார். கல்யாணமாகி இரண்டு வருஷம்கூட முடியாத என்னை ஒருவரும் கேட்கவில்லை.

"அங்கேர்ந்து சொந்தக் கடுதாசி வெளியில விடமாட்டாங்களாம். இருக்குற இடம் தெரிஞ்சிடுமாம்" என்றார், பெட்டியில் சட்டைகளை அடுக்கிக்கொண்டே. "கட்டுரையை மட்டும் தமிழ் தெரிஞ்ச அவங்க ஆள் ஒருத்தர் படிச்சுப் பார்த்துட்டு அனுப்புவாராம்."

"அப்ப எனக்கு?"

"ஒவ்வொரு கட்டுரையிலயும் உனக்குன்னு ஒரு வரி நுழைச்சிடுறேன். பார்த்தா உனக்கே தெரியும்."

நான் அப்போது திருச்சி டவுனில் ஒரு ஸ்கூலில் டீச்சர். ஸ்ரீரங்கத்தில் பஸ் ஏறுமுன் பேப்பர் வாங்கிவிடுவேன். முதல் கட்டுரை வந்த அன்று, காவிரிப் பாலம் தாண்டுவதற்குள் மூன்று தடவை படித்தேன். துப்பாக்கிகள் எத்தனை பழசு, காயம்பட்டவனை மூங்கிலில் கட்டி எப்படித் தூக்கிப் போகிறார்கள், மழையில் வெடிமருந்தை எங்கே வைக்கிறார்கள், எல்லாம் இருந்தது. எனக்கான வரி இல்லை. அவசரத்தில் விட்டிருப்பார் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவதில் அட்டைக்கடி பற்றி ஒரு பத்தி முழுக்க எழுதியிருந்தார். அட்டைக்கு இடம் இருக்கிறது, பெண்டாட்டிக்கு இல்லையா என்று பஸ்ஸிலேயே பேப்பரைச் சுருட்டிவிட்டேன். ஆனாலும் கட்டுரை வராத வாரம் எனக்குச் சோறு இறங்காது. கொடியில் அவருடைய துண்டு ஒன்று காய்ந்தபடியே கிடந்தது. மடித்து வைத்தால் அவர் ஊரில் இல்லை என்பது உறுதியாகிவிடும் போலிருந்தது. அப்படியே விட்டிருந்தேன்.

ரங்கூனில் அரிசிக்கடை வைத்திருந்த மண்ணச்சநல்லூர்க்காரர் ஒருவர் வழியாகத்தான் தபால் போக்குவரத்து. அச்சான பேப்பர்களைக் கட்டாகக் கட்டி அவருக்கு அனுப்புவார்கள். அவர் மலைக்குக் கொடுத்துவிடுவார். கட்டு போகும்போதெல்லாம் ஆபீஸ் பியூன் வீட்டுக்கு வந்து கேட்பார்.

"ஏதாவது எழுதிக் குடுங்கம்மா, உள்ளே வச்சிடுறோம்."

முதல் கட்டில் நாலு பக்கம் எழுதி வைத்தேன். மூன்றாவது கட்டுரைக்கு அப்புறம் பியூன் வந்தபோது, "ஒண்ணும் இல்லைன்னு சொல்லிடுங்க" என்றேன். அடுத்த தடவையும் அதையேதான் சொன்னேன். ஆபீஸுக்குப் போய், 'எனக்கென்று ஏதாவது எழுதியிருக்கிறாரா' என்று கேட்கவும் ரோஷம் விடவில்லை. அவருக்கு எழுதாமல் இருப்பதுதான் தண்டனை என்று நினைத்தேன். எழுதாமல் இருந்த அத்தனை நாளும் மனசுக்குள் அவரோடுதான் பேசிக்கொண்டிருந்தேன்.

கொள்ளிடத்தில் வெள்ளம் கரை தொட்டு ஓடிய சமயம், அரிசிக்கடைக்காரரின் கடிதம் ஆபீஸுக்கு வந்தது. மலைக்காய்ச்சல். மருந்து போய்ச் சேர வழியில்லை. கூட இருந்தவர்களே அங்கே அடக்கம் செய்துவிட்டார்களாம்.

ஒரு மாதம் கழித்து, அவருடைய சாமான்களை எடுத்துவர ஆபீஸுக்குப் போனேன். கட்டுரைகளைத் திருத்தி அச்சுக்கு அனுப்பும் உதவி ஆசிரியர், நல்ல மனிதர், கையெழுத்துப் பிரதிகளை ஒரு உறையில் போட்டுத் தந்தார். அங்கேயே என் கணவரின் நாற்காலியில் உட்கார்ந்து பிரித்தேன். ஒவ்வொரு கட்டுரையிலும் ஏதோ ஓரிடத்தில் ஒரு வரியை அடித்து நீலப் பென்சில் கோடு. கோட்டுக்கு அடியில் எழுத்து தெளிவாகத் தெரிந்தது.

'இந்த ஆறு இரண்டாகப் பிரியும் இடம் முக்கொம்பு போலவே இருக்கிறது. அங்கே என் பங்கு புளியோதரையையும் சேர்த்துத் தின்ற ஒருத்தியை நினைத்துக்கொண்டேன்.' இது முதல் கட்டுரை. அட்டைக்கடிப் பத்தியின் கடைசியில்: 'இதற்குச் சுண்ணாம்பு தடவிவிட ஒருத்தி பக்கத்தில் இருந்தால் கடி வாங்கலாம்.'

"எனக்குன்னு எழுதினதை ஏன் சார் அடிச்சீங்க?"

அவர் முகம் வெளுத்துவிட்டது. "நிருபர் தன்னைப் பத்தி எழுதக்கூடாதும்மா, அது எங்க வழக்கம். எல்லாருக்கும் அடிக்கிறதுதான். உங்களுக்குன்னு எழுதினார்னு ஒரு வார்த்தை எனக்குத் தெரியாமப் போச்சே."

நானாவது அவரிடம் சொல்லியிருக்கலாம். நான் ஏறும் பஸ், பத்திரிகை ஆபீஸ் வாசலைத் தாண்டித்தான் தினமும் போகும். ஒருநாள் இறங்கியிருந்தால் போதும்.

கடைசிக் கட்டுரையில் அந்த வரி நடுவில் இல்லை, முடிவில் இருந்தது. காய்ச்சலில் எழுதியிருப்பார், எழுத்து கோணிக் கிடந்தது. 'பேப்பர் கட்டு வந்தது. இந்த முறையும் உள்ளே கடிதம் இல்லை. கோபம் என்று தெரிகிறது. கோபத்தையாவது எழுதி அனுப்பலாம்.'

மேஜையில் கிடந்த தாள் ஒன்றை எடுத்து, 'கோபம்தான்' என்று எழுதினேன். அதற்கு மேல் எழுத வரவில்லை.