இடுப்பளவுத் தண்ணீரில் நடந்த அடிதடி

இன்று காலை எடமலைப்பட்டி புதூர் நீச்சல் குளத்தில் ஒருவரின் மூக்கை உடைத்துவிட்டேன்.

அங்கே குழந்தைகளுக்கு ஸ்கூபா டைவிங் சொல்லித்தருகிறேன். இடுப்பளவுத் தண்ணீர்தான். எட்டு வயது யாழினிக்குக் காற்றுக் குழாயை வாயில் கவ்வியபடி முகத்தை நீருக்குள் வைக்கப் பயம்.

"மெதுவா செய்யலாம் கண்ணு, அவசரமே இல்ல" என்றேன்.

கரையில் நின்ற அவள் அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. "இப்படிக் கொஞ்சுனா எப்பங்க பழகுவா?" என்று பேண்ட்டோடு குதித்தவர், அவள் தலையைப் பிடித்து நீருக்குள் அமுக்கினார்.

குழாய் வாயிலிருந்து நழுவியது. உள்ளே அவள் கை கால்களை உதறித் துடித்தாள்.

"விடுங்க சார்!" என்று கத்தி அவர் கையை இழுத்தேன். விடவில்லை. முழங்கையால் முகத்தில் ஓங்கி இடித்தேன். தண்ணீரில் ரத்தம் பரவியது. பிடி தளர்ந்தது.

யாழினி இருமிக்கொண்டே என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். ஓடிவந்த அவள் அம்மா, மூக்கைப் பொத்திக்கொண்டு நின்ற கணவரின் கன்னத்தில் அறைந்தார்.

"வீட்டுல அடிக்கிறது போதாதா? இங்கேயுமா?"

குளத்து மேனேஜருக்குத்தான் வருத்தம். "பெத்தவர் மேல கை வைக்கலாமா மேடம்? ஒரு சாரி சொல்லிடுங்க."

"கை வைக்கலைங்க, முழங்கைதான்" என்றேன்.

நாளைக்குள் மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். கேட்கட்டுமா? நீங்களே சொல்லுங்கள்.