முதுகுத் தழும்பு

டிரைவர் வாயைத் திறந்தால் பஸ் டிப்போவே சிரிக்கும். அப்பேர்ப்பட்டவர், சி.டி. ஸ்கேன் அறை வாசலில் நர்ஸ் கேட்ட ஒரு கேள்வியில் வாயடைத்துப் போனார். சின்ன வயதில் ஏதாவது ஆபரேஷன் நடந்ததா?

பக்கத்திலேயே மனைவி, அவர் கழற்றிக் கொடுத்த மோதிரத்தோடும் வாட்சோடும். இல்லை என்றார். இடது தோளுக்குக் கீழே வளைந்து போகும் தழும்பை நர்ஸ் உற்றுப் பார்க்க, மரத்திலிருந்து விழுந்தது என்று மனைவியே முந்திக்கொண்டு சொன்னாள். கல்யாணமான புதிதில் அவர் விட்ட கதை அது. அட்சரம் பிசகாமல் அவள் ஒப்பித்ததைக் கேட்டு, நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது அவருக்கு.

இதயத்திலிருந்து இறங்கும் பெரிய ரத்தக்குழாய் பிறவியிலேயே சுருங்கியிருந்து, குழந்தையிலேயே ஆபரேஷன் நடந்த உடம்பு அவருடையது. பெண் கிடைக்காது என்று அம்மா மறைத்தாள். சரி, அது அம்மா தப்பு என்றே வைத்துக்கொள்வோம். மகளும் அதே குறையோடு பிறந்தாளே, அப்போது? வயிற்றுப்பிள்ளையோடு தையல் மிஷினை மிதித்ததால் வந்த வினை என்று மாமியார் மருமகளைக் கரித்துக்கொட்டினாள். இந்த மனுஷன் கல்லுளிமங்கன் மாதிரி உட்கார்ந்திருந்தார். அவள் அழுது தீர்த்து, மிஷினையும் விற்றாள். மகளுக்கு லேசாக மூச்சு வாங்கினாலும் இன்றுவரை தன்னைத்தான் நொந்துகொள்கிறாள்.

லைசென்ஸ் புதுப்பிக்கப் போன இடத்தில் பிரஷர் எகிறியிருக்கவே, ஸ்கேன் வரை வந்துவிட்டது. ஊசியில் மருந்து ஏறியதும் உடம்பெல்லாம் சூடு பரவ, ஒன்றுக்குப் போய்விட்டோமோ என்று கூசிப்போனார். மூச்சை அடக்கச் சொன்னார்கள். அடக்குவதில்தான் அவர் கெட்டிக்காரராயிற்றே.

டாக்டர் படத்தைத் திரையில் திருப்பித் திருப்பிக் காட்டினார்.

"பழைய ஆபரேஷன் நடந்த இடம் இது. மறுபடி சுருங்கியிருக்கு, சரி பண்ணிடலாம். பிறவியில வந்தது. குடும்பத்துல வேற யாருக்காவது இருக்கா?"

மனைவி மகளைப் பற்றி நிதானமாகச் சொன்னாள். அப்பா வழியில் வந்திருக்கலாம் என்றார் டாக்டர். டிரைவருக்கு வெட்கத்தில் காது சுட்டது. அவள் நாலு அறை விட்டிருந்தால்கூடத் தேவலை.

வெளியே வந்ததும் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். அவள் காது கொடுக்கவில்லை. போனில் மகளை அழைத்து அவர் கையில் கொடுத்தாள்.

"எங்கிட்ட எதுவும் சொல்ல வேணாம். அவளும் என்னாலதான்னு நம்பிட்டிருக்கா. அவகிட்ட சொல்லுங்க."

வராண்டா பெஞ்சில் உட்கார்ந்து, தட்டுத்தடுமாறி எல்லாவற்றையும் சொன்னார். உன் அம்மா மேல் ஒரு தப்பும் இல்லை என்று இரண்டு தடவை சொன்னார். லைன் போய்விட்டதோ என்று போனைப் பார்த்தார்.

"அப்பா," என்றாள் மகள், "அம்மாகிட்ட குடுங்க."