விதைக்கு எடுத்த பூச்சி

இன்னா வேலை செய்யறே என்று யாராவது கேட்டால், "பூச்சி வளக்கறேன்" என்பாள் செவ்வந்தி. கேட்டவர் முகம் கோணுவதைப் பார்ப்பதில் அவளுக்கு அப்படி ஒரு ஆனந்தம். உத்திரமேரூர்ப் பக்கம் மாடு வளர்ப்பார்கள், கோழி வளர்ப்பார்கள். பூச்சி வளர்க்கிறவள் இவள் ஒருத்திதான்.

தண்ணிப்பூச்சி கடுகைவிடச் சிறியது, தொட்டித் தண்ணீரில் துள்ளித் துள்ளி நீந்தும். அழகு மீன்களின் குஞ்சுகளுக்கு அதுதான் முதல் சோறு. அவள் கணவன் ஜான்சன் கொத்தனார். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச் முடிந்து வந்து, வீட்டுக்குப் பின்னால் ஆறு சிமெண்டுத் தொட்டிகள் கட்டிக் கொடுத்தான். வாலாஜாபாத்தில் மீன் பண்ணை வைத்திருக்கும் வேதாசலம் வண்டியில் கேன் கட்டிக்கொண்டு வந்து பூச்சியை வாங்கிப் போவார்.

அதற்கு முன்னால் அவளுக்கு ஏகாம்பரம் வயலில் கூலி வேலை. காலையில் அவர் வீட்டுக் கேட்டுக்கு வெளியே போய் நிற்க வேண்டும். அவர் மனைவி ஆதிலட்சுமியம்மா நிதானமாக வந்து, நிற்கிறவர்களை ஒரு பார்வை பார்த்து, நீ வா, நீ வேண்டாம் என்று பிரிப்பார். கெட்ட மனுஷி என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அந்த நிற்கும் நேரம் செவ்வந்திக்கு உயிர் போய் உயிர் வரும். தொட்டி வந்ததும் அந்தத் தெருப் பக்கம் போவதையே விட்டாள். மறுபடி அங்கே போய் நிற்கக் கூடாது. அவள் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

வயலில் அவள் கற்றது ஒன்று இருந்தது. விதை நெல்லை உப்புத் தண்ணீரில் கொட்டினால் சோடை மிதக்கும், திடமான மணி மூழ்கும். மூழ்கியதுதான் விதைக்கு. பூச்சிக்கும் அதையே செய்தாள். வலையில் அலசினால் சிறியது நழுவிவிடும், பெரியது தங்கும். தங்கியதைத் தொட்டிக்கு விதையாக விட்டாள், நழுவியதைக் கேனில் ஊற்றினாள். இதில் குற்றம் கண்டுபிடிக்க ஒருவருக்கும் வாய் வராது.

இந்தக் கோடையில் பூச்சிகள் திடீரென்று பருக்கத் தொடங்கின. வழக்கத்தைவிட ஒரு சுற்றுப் பெரிதாக, செங்கல் தூள் நிறத்தில்.

"எப்டி கீது பாரு. என் கை ராசி," என்று ஜான்சனிடம் காட்டினாள். அவளைப் பிடிக்க முடியவில்லை. பருத்ததையெல்லாம் தேடித் தேடி எடுத்து ஆறு தொட்டிக்கும் பங்கு போட்டாள்.

அப்புறம் தொட்டிகள் வெறிச்சோட ஆரம்பித்தன. தவிட்டுத் தண்ணீர் ஊற்றினாள். ஈஸ்ட் கரைத்து விட்டாள். வெயில் படாமல் ஓலை போட்டாள். மாதாவிடம் முறையிட்டாள். ஒன்றும் எடுபடவில்லை. பருத்த பூச்சிகள் தனியாக நீந்தின, குஞ்சே இல்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்பதைத் தவிர அவளுக்கு வேறு வழி தெரியவில்லை.

வேதாசலம்தான் சுதாவை அழைத்து வந்தார். ஒரு கல்லூரியில் இந்த மாதிரிச் சிறிய நீர் உயிர்களின் நோய்களை ஆராய்கிற பெண். கவிழ்த்துப் போட்ட டிரம் மேல் மைக்ராஸ்கோப்பை வைத்து, செவ்வந்தியைப் பார்க்கச் சொன்னாள். பூச்சியின் முதுகில் முட்டை இருக்க வேண்டிய இடம் காலி. உடம்பு முழுக்கப் பழுப்பாக ஏதோ அப்பியிருந்தது.

"இது கொழுப்பு இல்லக்கா, நோய். கிருமி உள்ள போனா முட்டை வைக்கறது நின்னுடும். முட்டைக்குப் போக வேண்டிய சத்தெல்லாம் உடம்புக்குப் போகுது. அதான் பெருத்திருக்கு."

"எல்லாத்துக்கும் வருமாம்மா?"

"வராது. சிலதுக்குப் பொறப்புலயே அந்தக் கிருமி ஒட்டாது. இதுங்க பெரும்பாலும் ஆண் இல்லாமலே குட்டி போடும், தாய் மாதிரியேதான் மகளும். ஒட்டாத தாய் ஒண்ணு கிடைச்சாலும் தொட்டியையே மீட்டுடலாம். பார்க்கச் சிறுசா இருக்கும், முதுகுல முட்டை தெரியும். வாங்க, தேடலாம்."

ஆறு தொட்டியையும் அலசினார்கள். இரண்டாவது தொட்டியிலேயே செவ்வந்திக்கு விஷயம் விளங்கிவிட்டது. ஆனாலும் வலையைப் பிடித்த கை வேலையை நிறுத்தவில்லை. கடைசித் தொட்டியிலும் அப்படி ஒன்றுகூடக் கிடைக்காத பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"சிறுசையெல்லாம் நாந்தாம்மா கேன்ல ஊத்திக்கினு இருந்தேன். பொறுக்கிப் பொறுக்கி."

அந்தச் சிறுசுகளையெல்லாம் வேதாசலத்தின் மீன் குஞ்சுகள் எப்போதோ தின்று தீர்த்திருந்தன.

"ஏரியில பிடிச்சு வந்து விடலாம்," என்றாள் சுதா. "அங்க பல வகை கலந்திருக்கும். தாங்கறதும் இருக்கும்."

"ஏரி காஞ்சி பூட்ச்சும்மா. பசங்க கிரிக்கெட்டு ஆடிக்கினு கீறானுங்க."

"மழை வரட்டும்மா, பார்ப்போம்," என்றார் வேதாசலம். அவர் மீன் குஞ்சுகளுக்கு மழை வரை பசி பொறுக்காது. வேறு இடம் பார்க்கத்தான் போகிறார் என்பது அவர் வண்டியைத் திருப்பிய அவசரத்திலேயே தெரிந்தது.

"வுடு, நான் வேலைக்குப் போறேன் இல்ல," என்றான் ஜான்சன். நல்ல மனசோடுதான் சொன்னான். ஆனால் அவனுக்கும் வாரத்தில் பாதி நாள்தான் வேலை.

மறுநாள் விடிந்ததும் செவ்வந்தி ஏகாம்பரம் வீட்டுக் கேட்டுக்கு வெளியே போய் நின்றாள். அவமானத்தில் காது சுட்டது. ஆதிலட்சுமியம்மா வந்து ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்தார். இவள் முன்னால் சற்று நின்றார்.

"செவ்வந்தியா? நீதான் சொந்தமா தொழில் பண்றியே, இனிமே வரமாட்டேன்னு புதுசா ஆளுங்கள சேத்துக்கினோமே," என்றார் உண்மையான வருத்தத்தோடு. "இப்போ ஆள் போதும்மா."

"சரிம்மா," என்றாள்.

மற்றவர்கள் வயலுக்கு நடந்தார்கள். எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் செவ்வந்தி அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.